மாமனாரின் சூட்டுமூலை

அந்தச் சந்தில் மல்சூனுக்கு நல்ல மருமகள் என்று பெயர். சந்து முனையில் எள் ஆட்டி எண்ணெய் விற்கும் சுன்னே அம்மா தன் மருமகளைத் திட்டும்போதெல்லாம் மல்சூனைத்தான் உதாரணத்துக்கு இழுப்பாள். மாமனாரைச் சூட்டுமூலையை விட்டு நகரவே விடுவதில்லை, அந்தக் காலத்துப் பெண்கள்கூட இப்படி இருந்ததில்லை என்பாள். கேட்கும்போதெல்லாம் மல்சூன் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏனென்றால், மாமனாரை அவள் அங்கே உட்காரவைத்தது மரியாதையால் இல்லை. பயத்தால்.

கொரியாவின் சியோல் நகரத்துக்கு ஒலிம்பிக் கிடைத்துவிட்டது என்று வானொலி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அந்த இலையுதிர் காலத்தில்தான், சுன்சொன் ஊரில் ஆற்றோரத்துச் சந்தில் மல்சூனும் அவள் புருஷன் கிபோங்கும் வீடு வாங்கினார்கள். பழைய வீடு. ஒரு அறை, பக்கத்தில் ஒரு அடுப்படி, சின்ன முற்றம். அடுப்படியில் எரிகிற நெருப்பின் புகை அறையின் கல்தரைக்கு அடியில் புகுந்து ஓடி, எதிர்ச் சுவரில் இருக்கும் புகைக்கூண்டு வழியாக வெளியே போகும். தரை முழுக்கச் சுடும் என்றாலும், அடுப்படிச் சுவரை ஒட்டிய மூலைதான் நன்றாகச் சுடும். சூட்டுமூலை என்றால் அதுதான். வீட்டுக்கு மூத்தவர், வந்த விருந்தாளி, பிள்ளை பெற்றவள், பிறந்த பிள்ளை, இவர்களுக்குத்தான் அந்த இடம். மற்றவர்கள் கதவோரத்தில் காலை மடக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

விறகு எரித்த காலத்தில் இதில் வம்பு இல்லை. புகை உள்ளே வந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடிவிடலாம். இப்போது எல்லா வீட்டிலும் துளைக்கரிதான். கரித்தூளைப் பிசைந்து, துளை போட்டு, குண்டாக வார்த்த கட்டி. அது எரியும்போது கிளம்பும் நச்சுக்காற்றுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது. தரைக்கல்லில் மயிரிழை விரிசல் கிடைத்தால் போதும், மேலே வந்துவிடும். நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் அதிகமாகச் சுட்டு, அதிகமாக வெடிக்கிற கல் எது? சூட்டுமூலைக் கல்தான். ஊரே அறிந்த விஷயம் இது. ஆனாலும் அவரவர் வீட்டுத் தரை மட்டும் வெடிக்காது என்பதில் ஊருக்கே அசைக்க முடியாத நம்பிக்கை.

மல்சூனுக்கு அந்த நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நூல் ஆலையில் வேலை பார்த்தபோது, அடுத்த அறையில் நச்சு ஏறிச் செத்துப்போன இரண்டு பெண்களைக் காலையில் தூக்கிக்கொண்டு போனதை அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் அப்போதுதான் வெந்நீரில் குளித்துவிட்டு வந்ததுபோல் கன்னம் சிவந்திருந்தது. செத்த முகம் வெளுத்திருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். அந்தச் சிவப்பு மறக்கவில்லை.

அதனால்தான் புது வீட்டில் குடியேறிய பிறகு அடிக்கடி மூலைக் கல்மேல் ஒட்டியிருந்த எண்ணெய்த்தாளைத் தூக்கிப் பார்ப்பாள். கிபோங் சிமெண்ட் பூசி, நன்றாகக் காயவைத்து, மேலே தாள் ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் லாரி ஓட்டப் போயிருந்தான். முதல் குளிர் விழுந்து, நெருப்பு முழுசாக எரியத் தொடங்கிய பிறகு ஒருநாள் மாலை தாளைத் தூக்கினாள். பூசிய இடத்திலேயே கல் வெடித்திருந்தது. விரல் வைத்தால் சூடான காற்று லேசாகத் தொட்டது. மகன் இன்ஹோ, நூறாம் நாள் கொண்டாடி அதிக நாள் ஆகாத பிள்ளை, அந்த மூலையில்தான் தூங்கிக்கொண்டிருந்தான்.

பிள்ளையை வாரி எடுத்த அதே நேரத்தில் வெளிக்கதவு திறந்தது. மாமனார் பெக் பெரியவர் மூட்டையும் முடிச்சுமாக வந்து நின்றார். பேரனோடு குளிர்காலத்தைக் கழிக்க வருகிறேன் என்று சொல்லியிருந்தவர், சொன்ன நாளுக்கு முன்னதாகவே வந்துவிட்டார். உறைந்த மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒரு நிமிஷத்தில் மல்சூனுக்கு என்ன தோன்றியதோ, தாளை மூடினாள், மெத்தையைத் தட்டிப் போட்டாள்.

"இங்க வந்து உக்காருங்க மாமா. இது உங்க இடம்" என்றாள்.

பெரியவர் மனம் குளிர்ந்துபோய் உட்கார்ந்தார். மூத்த மகள் வீட்டில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று இவரைக் கதவோரத்துக்குத் தள்ளிவிட்டார்களாம், சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மல்சூன் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். செய்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையை எடுத்துவிட்டு அதே இடத்தில் கிழவரை வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான். மறுநாள் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் பெரியவர் வெளியே போன நேரம் பார்த்துக் களிமண் குழைத்து அப்பி, அரிசிக் கஞ்சி தடவி, மேலே மூன்று அடுக்குத் தாள் ஒட்டினாள். இது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போதும் என்றால் பிள்ளையை ஏன் இன்னமும் கதவோரத்தில் போடுகிறாய் என்று அவளுடைய மனசே திருப்பிக் கேட்டது. அதற்கப்புறம் வாயைத் திறக்க வழி இல்லாமல் போயிற்று. கிபோங் லாரியை விட்டு இறங்கி வந்தால், அவனிடம்கூட எப்படிச் சொல்வது? சொன்ன மறு நிமிஷம் அவன் கேட்கப்போவது ஒரே கேள்வி. தெரிந்தே எங்கப்பாவை அங்கே படுக்க வைத்தாயா?

அதனால் கிபோங் வந்தபோது பாய்லர் பேச்சை எடுத்தாள். சந்தையில் கூ என்பவர் பாய்லர் கடை போட்டிருந்தார். தரைக்கு அடியில் புகை ஓடுவதற்குப் பதிலாகக் குழாய் பதித்து, வெந்நீர் ஓடவிடுகிற முறை. புகை வீட்டுக்குள் வரவே வேண்டாம். நச்சைப் பற்றி மல்சூன் மூச்சுவிடவில்லை. பிள்ளைத் துணி துவைக்கக் குழாயில் வெந்நீர் வரும், கை வெடிக்காது என்று மட்டும் சொன்னாள். கிபோங்குக்குச் சம்மதம்தான். கூவைக் கூப்பிட்டு அறையை அளக்கவும் சொன்னான். கூ வாய் ஓயாத ஆள். தரையில் எந்த இடத்தில் கை வைத்தாலும் ஒரே சூடு, ஒரு மூலை சுட்டு இன்னொரு மூலை உறைகிற கதையெல்லாம் இனி இல்லை என்று பெருமையாக அளந்தார்.

சூட்டுமூலையில் சாய்ந்திருந்த பெக் பெரியவர் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர், மெதுவாக நிமிர்ந்தார்.

"எல்லா இடமும் ஒண்ணுன்னா, அப்ப நான் எங்க உக்காருவேன்?"

கூ சிரித்தார். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாமே என்றார்.

"எங்க வேணா உக்காரலாம்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உக்காந்துக்கிறேன். வீடு எதுக்கு?" என்றார் பெரியவர்.

அளவெடுக்கும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு கூ போய்விட்டார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிபோங் மனைவியின் காதில் ஓதிவிட்டு, முட்டைக்கோஸ் ஏற்றப் புறப்பட்டான். அப்பா இருக்கிற வரைக்கும் அவர் மனசு நோகக் கூடாது என்றும் சொன்னான். அப்பா இருக்க வேண்டுமே என்பதுதான் மல்சூனின் பயம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் அந்த வீட்டில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பெரியவர் குறட்டை விட்டால் நிம்மதி. குறட்டை நின்றால் இவளுக்கு உயிரே போய்விடும். எழுந்துபோய்க் குனிந்து மூச்சைக் கவனிப்பாள். ஒருதரம் அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டார். போர்வை விலகியிருந்தது மாமா என்று இழுத்து மூடினாள். மறுநாள் அது சந்து முழுக்கப் பரவிவிட்டது. சொந்த மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று அவரே எண்ணெய்க் கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். புதுக்கரி வைத்ததும்தான் நச்சு அதிகம் கிளம்பும் என்பதால், கரி மாற்றும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கதவைத் திறந்துவைப்பாள். பெரியவர் குளிருது என்று மூடுவார். இவள் மறுபடி போய் ஒரு விரல் அளவு திறப்பாள். பிள்ளையைக் கதவோரம் போட்டிருப்பதைப் பார்த்துச் சுன்னே அம்மா முகம் சுளித்தாள். பெற்றவளா நீ, பிள்ளையை விறைக்க வைக்கிறாயே என்று கேட்டுவிட்டாள். மூலைச் சூடு பிள்ளைக்கு ஆகாது, சளி இறுகிவிடும் என்று மல்சூன் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? அடுத்த தடவை கிபோங் வந்தபோது அழுது தீர்த்துவிட்டாள். காரணம் கேட்டால் சொல்லவில்லை, பாய்லர் வேண்டும் என்று மட்டும் அழுதாள். பெண்டாட்டி இப்படி அழுது அவன் பார்த்ததில்லை. பயந்துபோய், சரி, கடைக்குப் போய் எது நல்லது என்று நீயே பார்த்து வை, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் லாரி ஏறினான்.

அன்றைக்கு மதியம் மேகம் கப்பென்று மூடியிருந்தது. பனியும் பெய்யவில்லை, காற்றும் இல்லை. இன்ஹோவுக்கு இருமல். முதுகில் கட்டிக்கொண்டு போகலாம் என்று துணியை எடுத்தாள். பெரியவர் தடுத்தார். இருமுகிற பிள்ளையை இந்தக் குளிரில் எங்கே இழுத்துக்கொண்டு போகிறாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மல்சூனுக்கு மனசே இல்லை. ஆனால் மறுக்கக் காரணமும் கிடைக்கவில்லை. பிள்ளையைக் கதவோரத்தில் படுக்கவைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்தாள். கதவுப் பக்கமே இருக்கட்டும் மாமா, மூலைச் சூடு இவனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூவின் கடையில் பாய்லர்கள் வரிசையாக நின்றன. மண்ணெண்ணெயில் எரிகிறது ஒன்று, துளைக்கரியில் எரிகிறதில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று. எதில் தண்ணீர் சீக்கிரம் சுடும், எதில் குளிக்கவும் தண்ணீர் எடுக்கலாம் என்று கூ சரமாரியாகப் பொழிந்தார். மல்சூன் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நெருப்பு எங்கே இருக்கும்? அடுப்படியிலேயே வைத்துவிடலாம், குழாய் மிச்சம் என்றார் அவர். வெளியே வைக்க முடியாதா என்றாள். வைக்கலாம், ஆனால் உறைபனியில் நீங்கள்தானே வெளியே போய்க் கரி மாற்றணும், யோசித்துச் சொல்லுங்கள் என்று சிரித்தார். புகை உள்ளே வராது என்று சொன்னவர், அடுப்படி நெருப்பின் புகை எங்கே போகும் என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். எது நல்லது, எதை நம்புவது? மண்ணெண்ணெய் தங்களுக்குக் கட்டுப்படியாகுமா? யோசித்துக்கொண்டே கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

எதிர் வரிசை வீடுகளின் கூண்டிலிருந்து புகை மேலே போகவில்லை. கூண்டு வாயிலிருந்து வழிந்து, கூரை ஓட்டில் இறங்கி, சந்தில் தரையோடு தரையாகக் கிடந்தது.

புகை மேலே ஏறாத நாளில் அது வேறு எங்கே போகும்? வந்த வழியே திரும்பும். தரைக்கு அடியில் தேங்கும். விரிசல் தேடும். மல்சூன் கூவிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஓடினாள். மீன்காரியின் கூடையில் இடித்து, திட்டு வாங்கி, ரப்பர்ச் செருப்பு ஒன்று கழன்று விழ, ஓடினாள். கிழவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, நான் கொன்றேன் என்று ஆகிவிடக் கூடாது, இது ஒன்றுதான் அவள் மனசில் ஓடியது. பிள்ளையைப் பற்றி அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை. அவன்தான் கதவோரத்தில் இருக்கிறானே.

முற்றத்தில் கால் வைத்ததும் அறைக் கதவு இறுக்க மூடியிருப்பதைப் பார்த்தாள். கீழே இடுக்கில் துணி வேறு செருகியிருந்தது. இழுத்துத் திறந்தாள். கதவோரத்தில் பெக் பெரியவர் தன் கோட்டைப் போர்த்திக்கொண்டு, சுருண்டு படுத்திருந்தார். பக்கத்தில் பிள்ளை இல்லை.

சூட்டுமூலையில், பெரியவரின் மெத்தையில், அவருடைய பஞ்சுப் போர்வைக்குள் இன்ஹோ இருந்தான். கன்னம் இரண்டும் சிவந்திருந்தது.

எப்படித் தூக்கினாள், எப்படி வெளியே வந்தாள் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. முற்றத்துச் சில்லென்ற தரையில் மண்டியிட்டு, பிள்ளையைக் குலுக்கினாள். தலை துவண்டது. உள்ளங்காலில் அடித்தாள். முகத்தில் ஊதினாள். தொண்டையிலிருந்து அவளுக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் சுன்னே அம்மா ஊறவைத்த முள்ளங்கித் தண்ணீர்ச் சட்டியோடு ஓடிவந்தாள். நச்சு ஏறினால் அந்த ஊரில் எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான். கைக்குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? சட்டியோடு திகைத்து நின்றாள். உள்ளேயிருந்து பெரியவர் நாலு காலில் தவழ்ந்து வந்து, வாசல் கல்லில் வாந்தியெடுத்தார். சட்டியை அவர் வாயில் வைத்துவிட்டு, டாக்ஸி பிடிக்க ஓடினாள் சுன்னே அம்மா. டாக்ஸியில் போகும்போது, கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் அடிக்கிற குளிர்காற்றில் மல்சூன் பிள்ளையைப் பிடித்திருந்தாள். பாலம் தாண்டும்போது இன்ஹோ ஒரு தரம் விக்கினான். பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு அழுகை வந்தது. மல்சூனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை ஆக்ஸிஜனில் வைத்தார்கள். உயிருக்குப் பயம் இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பெரியவருக்கு மண்டையிடி மட்டும்தான். கதவோரத்தில் படுத்ததால் தப்பித்தார். நடைபாதை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றைக் காலில் செருப்பில்லாமல் அவள், கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவர்.

பெரியவர்தான் முதலில் பேசினார். பிள்ளை இருமிக்கொண்டே இருந்தான், கதவோரத்தில் காற்று ஊசியாய்க் குத்தியது, பேரன் விறைக்கும்போது எனக்கு மட்டும் சூடு ஒரு கேடா என்று நினைத்து இடத்தை மாற்றினேன் என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. தான் செய்த தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டார். கடைக்குப் போனாயே, எதைப் பார்த்தாய் என்று கேட்டார். நெருப்பை வீட்டுக்கு வெளியே வைக்கிறதாகப் பார்த்தேன் என்றாள். பனியில் நீதானே போகவேண்டி வரும் என்றார். போகிறேன் என்றாள். நாளைக்கே போடச் சொல், எனக்கு மூலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள்.

"நீ எவ்வளவு நல்லவ. எதுத்து ஒரு வார்த்த பேசாம, இத்தன நாளும் எனக்கு அந்த இடத்தக் குடுத்து உக்கார வெச்ச" என்றார்.

மல்சூனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"அந்த மூலையில கல்லு வெடிச்சிருந்தது மாமா. நீங்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். பையனத் தூக்கிட்டு, உங்கள உக்கார வெச்சேன்."

பெரியவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. திட்டட்டும், அடிக்கட்டும், மகனைக் கூப்பிட்டுச் சொல்லட்டும், எதுவானாலும் இந்தக் குளிர்காலம் முழுக்கத் தன்னைத் தின்ற பயத்தைவிட மேல் என்று காத்திருந்தாள். நர்ஸ் ஒருத்தி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வண்டிச் சத்தம் நடைபாதைக் கோடிவரை போய் அடங்கியது.

"தெரிஞ்சேதான் வெச்சியா?"

"ஆமா."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் பேசியபோது குரலில் கோபம் இல்லை. அதுதான் மல்சூனைக் கொன்றது.

"சொல்லியிருந்தா நான் அங்கயேதாம்மா படுத்திருப்பேன். என்னை விட்டா வேற யாரப் படுக்க வெப்ப? ஆனா பையனக் கொண்டுபோய் அங்க போட்டிருக்க மாட்டேன்."

உள்ளே இன்ஹோ பாலுக்கு அழ ஆரம்பித்தான். போய்ப் பார் என்று பெரியவர் கையை அசைத்தார். மல்சூன் எழுந்து, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போனாள்.